பழைய பைக் வாங்கும்போது எதைப் பார்த்து நம்புவது?

மீட்டர் 20,000 கி.மீ. காட்டுகிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டரை விடுங்கள், கால் வைக்கும் ரப்பரையும் பிரேக் பெடலையும் பாருங்கள். 20,000 ஓடிய வண்டியில் ரப்பரின் வரிகள் மழமழவென்று தேய்ந்திருக்காது. புது ரப்பர் மாட்டியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆற விட்டு நீங்களே கிக்கரை உதையுங்கள். நான் முதலில் வாங்கிய வண்டியில் இதைச் செய்யாமல் ஏமாந்தேன். மறுநாள் காலையில் சைலன்சரில் நீலப்புகை. ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும், செலவு சின்னதில்லை.

அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ‘டக்’கென்று நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போச்சு. ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் குழாய்கள்) ஆயில் கசிவு, செயின் ஓடும் பல்சக்கரத்தின் தேய்மானம் இதெல்லாம் பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதில் கடன் பதிவு இருந்தால், நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.