மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்களா?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன் நான். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஓசூரில் வேலை. நண்பர்களோடு ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறேன். “உனக்கு நடந்தது வெறும் தண்ணீர் தெளிப்பு. விசுவாசப் பிரமாணம் மனுஷன் எழுதியது. ஆற்றில் மூழ்கி எடுத்தால்தான் நீ கிறிஸ்தவன்” என்கிறார் அங்குள்ள பாஸ்டர். தை மாதம் கல்யாணம். சான்றிதழ் வாங்கித்தர ஒருவர் ஐயாயிரம் கேட்கிறார். பிரமாணத்தில் ‘பாதாளத்தில் இறங்கி’ என்ற வரியை மனதாரச் சொல்ல முடியவில்லை. நான் கிறிஸ்தவன்தானா?

பதில்: கிறிஸ்தவன்தான். அந்த ஐயாயிரத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

தண்ணீர் ஊற்றி, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே” என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரே முறைதான். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் மூவருமே மற்றவர் கொடுத்ததை ஏற்கிறார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை; விசுவாசித்த பிறகே எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நேர்மையாக அப்படி நம்புகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உங்கள் கோயில் முறைப்படி நீங்கள் பெற்றது செல்லும். மறுபடி எடுத்தால் புதிதாக எதுவும் சேரப்போவதில்லை, வீட்டில் அம்மாவின் கண்ணீர்தான் மிச்சம்.

விசுவாசப் பிரமாணம், அதாவது நாம் நம்புவதைச் சுருக்கிச் சொல்லும் அறிக்கை, மனுஷன் எழுதியதா? ஆமாம், மனுஷன்தான் எழுதினான். அதில் என்ன குற்றம்? “கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார்” என்பதை, தானும் பெற்று ஒப்படைத்ததாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15). அதுவே ஒரு குட்டிப் பிரமாணம். இயேசுவும் படைக்கப்பட்டவர்தான் என்று ஆரியஸ் என்ற குரு கிளப்பிய சண்டைக்குப் பதிலாக, 325-இல் நைசேயா நகரில் கூடிய ஆயர்கள் (பிஷப்கள்) ஓர் அறிக்கை எழுதினார்கள். அதுதான் நைசேயாப் பிரமாணம். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் அது விரிந்தது. ஞாயிறு பூசையில் நீங்கள் சொல்லிப் பழகிய சின்னப் பிரமாணம் (அப்போஸ்தலர் பிரமாணம்) வேறு. அதன் வேர், பழைய ரோமைச் சபையில் ஞானஸ்நானத் தொட்டியருகே கேட்ட கேள்விகளில் இருக்கிறது: “விசுவசிக்கிறாயா?” “விசுவசிக்கிறேன்.” உங்கள் சார்பில் அன்று அப்பா அம்மாவும் ஞானத்தாய் தந்தையும் பதில் சொன்னார்கள். வளர்ந்த பிறகு அதை நீங்களே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மனப்பாடம் இல்லாததால் யாரும் கிறிஸ்தவன் இல்லாமல் போய்விட மாட்டான்.

அப்புறம், அந்த ஜெபவீட்டின் கன்வென்ஷன் நோட்டீஸைத் திருப்பிப் பாருங்கள். ‘எங்கள் விசுவாசம்’ என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். அதுவும் மனுஷன் எழுதிய பிரமாணம்தான், பெயர்தான் வேறு.

பாதாள வரி விஷயம்: அது சின்னப் பிரமாணத்தில் வருவது. நைசேயாப் பிரமாணத்தில் அந்த வரியே கிடையாது. இயேசு நிஜமாகவே செத்தார், செத்தவர்கள் இருக்கும் இடம்வரை போனார் என்பதே அதன் சாரம். ஒரு வரியில் தடுக்கி நிற்பது விசுவாசம் இல்லாததற்கு அடையாளம் ஆகாது.

இனி சான்றிதழ். இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். காசுக்கு லெட்டர்பேடில் அடித்துத் தரும் காகிதம் பங்குக் கோயிலில் செல்லாது. கல்யாணத்துக்கு அவர்கள் கேட்பது ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து புதிதாக எழுதித் தரும் சான்றிதழ். உறுதிப்பூசுதல், திருமணம் எல்லாம் அதே பதிவின் ஓரத்தில் குறிப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்பது அதில்தான் தெரியும். அதனால் பெட்டியில் லேமினேஷன் போட்டு வைத்த பழையதும் உதவாது. 1997-இல்தான் சேலத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. அதற்கு முன் ஞானஸ்நானம் பெற்றவரும் சேலத்துக்கு ஓட வேண்டாம், பதிவேடு பங்கிலேயே இருக்கும். உங்களுடையது கிளைக் கிராமம் என்றால் தாய்ப்பங்கில், அதாவது அந்தக் கிராமத்தைக் கவனிக்கும் பங்குக் கோயிலில் கேளுங்கள்.

பதிவேடு கரையான் அரித்துவிட்டதா? அதற்கும் வழி இருக்கிறது. ஞானஸ்நானத்தை நேரில் பார்த்த, நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சி போதும் என்கிறது திருச்சபைச் சட்டம். ஞானத்தாய் உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டிப் போங்கள். அவரும் இல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்தார் என்றால் அவரும் சாட்சிதான். யாருமே கிடைக்காமல், நன்றாக விசாரித்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் மட்டும், “நீ ஏற்கெனவே பெறவில்லை என்றால்” என்ற நிபந்தனையைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். முதலில் பெற்றது உண்மையாக இருந்தால் இது கணக்கில் வராது. அவசரப்பட்டு அதற்குப் போகாதீர்கள். முதலில் சாட்சியைத் தேடுங்கள்.

தரகர்கள் ஏன் பிழைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சில பங்கு அலுவலகங்களுக்கு அப்படியே பொருந்தும். ஃபாதர் ஊரில் இல்லை, சாவி கோயில்பிள்ளையிடம் இல்லை, அப்பாவின் கோயில் வரி ஆறு வருஷமாகப் பாக்கி! வரியைக் கட்டுங்கள், அது வேறு கணக்கு. அதைச் சான்றிதழோடு முடிச்சுப் போட்டால், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, தெரிந்தால் ஞானஸ்நானத் தேதி எழுதி விண்ணப்பமாகவே கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தருமபுரி ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம், விண்ணப்ப நகலோடு. தைக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே ஆரம்பியுங்கள்.