பட்டாளத்து வீட்டிலிருந்து சில கேள்விகள்

தாத்தா, பெரியப்பா, அப்பா மூவருமே மிலிட்டரி. எனக்கு வயது 19. அக்னிவீர் எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிவிட்டேன். ஆனால் ஒரு வருடமாகப் போர் என்றாலே மனம் ஒப்பவில்லை. அப்பா, "போய்ச் சேரு, புடிக்கலன்னா வந்துடு" என்கிறார். அப்படி வந்துவிட முடியுமா?
– வாசகர், வேலூர் மாவட்டம்

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. உங்கள் அப்பா சொல்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் சட்டம் அப்படி இல்லை.

பயிற்சி முடிந்து கசம் பரேடில் சத்தியம் செய்தால்தான் ராணுவத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது தவறு. சேர்ப்பு அலுவலர் நிபந்தனைகளைப் படித்துக் காட்டி, நீங்கள் சேர்ப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதுமே 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். படிவத்தில் ஏதாவது குறை இருந்தால்கூட, மூன்று மாதம் சம்பளம் வாங்கிவிட்ட பிறகு அதைக் காரணம் காட்டி வெளியேற 15-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. எனவே தேர்வு, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தேறியிருந்தாலும் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் வரை நீங்கள் சுதந்திரமானவர். "வரவில்லை" என்று சொல்வது குற்றமாகாது.

கையெழுத்துப் போட்ட பிறகு அக்னிவீரர் நான்கு ஆண்டு இருந்தே ஆக வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும், உரிய அதிகாரியின் அனுமதியோடு, இடையில் வெளியேறலாம். போரில் நம்பிக்கை போய்விட்டது என்பது அதற்குப் போதாது. கட்டாய ராணுவ சேவை உள்ள சில நாடுகளில் மனச்சாட்சிப்படி மறுப்பவர்களுக்கென்று தனிச் சட்டம் உண்டு. இங்கே யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை என்பதால் அப்படிச் சட்டமும் இல்லை.

பயிற்சி மையத்திலிருந்து சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிடுவதுதான் ஆகக் கெட்ட வழி. அனுமதியின்றி வராமல் இருந்தால் 39-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. ஓடிப்போனதாகக் கருதினால் 38-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை. களப்பணியில் இருக்கும்போது என்றால் மரண தண்டனைக்கும் இடமுண்டு. 30 நாள் கடந்தால் விசாரணை மன்றம் கூடி அதைப் பதிவேட்டில் ஏற்றும். உள்ளூர்ப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவில் வந்து அப்படியே தங்கிவிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அப்பாவிடம் போர் பற்றிய தத்துவத்தோடு போகாதீர்கள், கணக்கோடு போங்கள். அவர் சேர்ந்த காலத்தில் 15 ஆண்டு முடித்த ஜவானுக்கு ஆயுள் முழுக்க பென்ஷன். அக்னிவீரருக்குப் பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாயில் கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதிக்குப் போகும். நாலு வருடம் கழித்து அரசின் பங்கையும் சேர்த்து 10.04 லட்சம், வட்டி தனி. அதன் பிறகு நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. சொந்த விருப்பத்தில் இடையில் வெளியேறினால் நீங்கள் கட்டிய பங்கும் வட்டியும்தான் கிடைக்கும், அரசின் பங்கு கிடைக்காது. 'அரசாங்க உத்தியோகம்' என்று அவர் மனதில் வைத்திருப்பது அவர் பார்த்த உத்தியோகத்தை. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகு, "எனக்கு மனம் ஒப்பவில்லை" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். 'பயந்தாங்கொள்ளி' என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். சேர்ந்துவிட்டு நாலு வருடம் மனமில்லாமல் துப்பாக்கி பிடிப்பவரால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. இதை உங்கள் அப்பாவே நன்றாக அறிவார்.

அப்பா இந்திய அமைதிப் படையில் 1987 முதல் 89 வரை இலங்கையில் இருந்தவர். சின்ன வயதில் அவர் போட்டோவைப் பள்ளிக்கு எடுத்துப் போய்க் காட்டுவேன். பிறகு யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் படித்தேன். இப்போது அந்தப் போட்டோவைப் பார்க்கவே கூசுகிறது. அவர் எதுவும் பேசமாட்டார். தூக்கத்தில் கத்துவார், தீபாவளி வெடிக்கு நடுங்குவார், கேன்டீன் கோட்டா பாட்டில் தீரும் வரை குடிப்பார். அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்கலாமா?
– வாசகி, மதுரை

கேட்கலாம். ஆனால் முதலில் அவர் தூக்கத்தைக் கவனியுங்கள், கேள்வி பிறகு.

கத்திக்கொண்டு விழிப்பவரைத் தோளில் தொட்டு எழுப்பக் கூடாது. கனவு முழுதாகக் கலையாத அந்த ஓரிரு நொடியில் கை தானாக வீசும். பல மனைவிமார் அடிபடுவது அப்போதுதான். கட்டிலின் கால்மாட்டில் நின்று விளக்கைப் போட்டு, "அப்பா, மதுரையில நம்ம வீட்டுல இருக்கீங்க" என்று ஊரையும் ஆளையும் சொல்லிக் கூப்பிடுங்கள். தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. தெரு அதைக் கேட்பதில்லை என்றாலும், நேரத்தை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தைவிடக் குறைவாகவே உலுக்கும்.

பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கி ஊற்றிவிடாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பிதற்றல் வரலாம். இதில் உயிரே போனதுண்டு. மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். குடியோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும், அது இன்னும் மோசம். குடித்தால் தூக்கம் வருவது போலத்தான் இருக்கும்; பின்னிரவில் அதே குடி தூக்கத்தைக் கலைத்துக் கெட்ட கனவைக் கூட்டும்.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு இருந்தால் அதன் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். 'மனநல மருத்துவர்' என்றால் வரமாட்டார், 'தூக்கத்துக்கு டாக்டர்' என்றால் வருவார். அங்கிருக்கும் மருத்துவ அலுவலரிடம் கனவு, நடுக்கம், குடி மூன்றையும் நீங்களே சொல்லி, மனநலப் பிரிவுக்கு ரெஃபரல் எழுதி வாங்குங்கள். அங்கே எழுதித் தரக்கூடிய செர்ட்ரலின் போன்ற மனநல மாத்திரை வேலை காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டாவது வாரமே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. மாத்திரையோடு வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சையும் வேண்டும். அவர் வர மறுத்தால் நீங்களாவது 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். அதில் தமிழிலும் பேசுவார்கள்.

இனி யாழ்ப்பாணம். நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. 1987 அக்டோபர் 11 நள்ளிரவையொட்டி யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் விடுதலைப் புலிகளுடன் நடந்த சண்டையில் செத்தார்கள். அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று 60-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். புலிகள் உள்ளிருந்து சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்று படைத் தரப்பு சொன்னது. பிழைத்தவர்கள் அதை மறுத்தார்கள். அந்த 21-ஆம் தேதி தீபாவளி. உங்கள் அப்பா அங்கே இருந்தாரா என்பது இன்னமும் உங்களுக்குத் தெரியாது. அவர் வெடிக்கு நடுங்குவதை வைத்து நீங்களாக ஒரு கதை கட்டிவிடக் கூடாது.

அவருடைய டிரங்க் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் இருக்கும். சேர்ந்த தேதி, ரெஜிமென்ட், மெடல்கள் அதில் இருக்கும். ஸ்பெஷல் சர்வீஸ் மெடலின் ரிப்பனில் 'ஸ்ரீலங்கா' என்ற பட்டை இருந்தால் இலங்கைச் சேவைக்குக் கொடுத்தது. எந்த மாதம் எந்த யூனிட்டில் இருந்தார் என்பது அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில். ஆர்மி நம்பரைக் குறிப்பிட்டு அவர் கையெழுத்தோடு எழுத வேண்டும். நீங்கள் ஆர்.டி.ஐ. போட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். அவருக்குத் தெரியாமல் பெட்டியைக் குடைய வேண்டாம்.

பகலில் கேளுங்கள், குடிக்காத நேரத்தில், முகத்துக்கு நேரே உட்காராமல் கூட நடந்துகொண்டே. "எத்தனை பேரைச் சுட்டீங்க" என்பது முதல் கேள்வியாகவும் வேண்டாம், கடைசிக் கேள்வியாகவும் வேண்டாம். "கப்பல்லயா போனீங்க, பிளைட்லயா?", "பக்கத்துல யார் படுத்திருந்தாங்க?", "அங்க உள்ளவங்ககிட்ட தமிழ்ல பேசினீங்களா?" இப்படி ஆரம்பியுங்கள். மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும், அந்தப் படையில் இருந்த தமிழ் சிப்பாய்களுக்கு அதுதான் கனமானது. மொழி தெரிந்தவர் என்று சோதனைச் சாவடியிலும் விசாரணையிலும் முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, இருபது நிமிடம் போதும். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். சொன்னால் "நீங்க என்ன பண்ணுவீங்க, உத்தரவுதானே" என்று அவசரமாக மன்னிக்காதீர்கள். நீங்கள் மேற்கொண்டு கேட்க விரும்பவில்லை என்றே அதை அவர் எடுத்துக்கொள்வார்.

போட்டோவை இப்போதைக்குச் சுவரிலிருந்து எடுத்து வைப்பதில் தப்பில்லை. அந்தப் போரை ஏற்காமல் இருப்பதும் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணில்லை.

முன்னாள் படைவீரர் பிள்ளை என்று பிரதமர் உதவித்தொகை வாங்கிப் படிக்கிறேன். போருக்கு எதிராகக் கட்டுரை எழுதினால் உதவித்தொகையோ அப்பாவின் பென்ஷனோ போய்விடுமா?
– மாணவி, திருநெல்வேலி

போகாது. மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500 என்ற அந்தத் தொகையில் ராணுவத்தில் சேர வேண்டும் என்ற நிபந்தனையோ கருத்துக் கட்டுப்பாடோ இல்லை. பத்திரிகைக்கு எழுத முன் அனுமதி வேண்டும் என்கிற ராணுவ விதி 21 பணியில் இருப்பவருக்கு, பிள்ளைகளுக்கு அல்ல. ஆனால் அண்ணனோ மாமாவோ இப்போது பணியில் இருந்தால் அவர்களின் யூனிட், இருக்கும் இடம், போனில் சொன்ன செய்தி எதையும் எழுதாதீர்கள்.

மகன் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். "ஆர்மிக்குப் போகமாட்டேன்" என்கிறான். அங்கே படித்தால் போயே ஆக வேண்டுமா?
– ஒரு தாய், உடுமலை

இல்லை அம்மா. அந்தப் பள்ளி 1962-இல் தொடங்கியதே பிள்ளைகளை ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு (என்.டி.ஏ.) தயார் செய்யத்தான், ஆனால் பிளஸ் டூ முடித்து எந்தக் கல்லூரிக்கும் போகலாம். கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. என்.டி.ஏ.வில் சேர்ந்த பிறகு சொந்த விருப்பத்தில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவதாகச் சேரும்போதே பெற்றோர் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். பிளஸ் டூவில் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன் அவனிடம் இன்னொரு முறை கேளுங்கள், அவன் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல்.