ஓட்டுக்கூரையில் பாசி எங்கே பிடிக்கும்?

கேள்வி: நீலகிரி மலை ரயில் பாதையில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷனை எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அட்டையில் மாடலாகச் செய்தேன். பழசாகத் தெரியட்டும் என்று கறுப்பு அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீரில் கரைத்து மொத்தமாகப் பூசினேன். இப்போது தீ விபத்தில் தப்பிய கட்டடம் மாதிரி இருக்கிறது. காப்பாற்ற முடியுமா? (கோவை வாசகர்)

பதில்: முடியும், ஆனால் முதலில் அந்தக் கறுப்பு டப்பாவை மூடி உள்ளே வையுங்கள். மாடலை இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் நிஜக் கட்டடத்தை 174 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம், அவ்வளவு தூரத்தில் கறுப்பே சாம்பலாகத்தான் தெரியும். அடர் பழுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தாலே போதும். பூசியதைச் சுரண்டாதீர்கள். சுவரின் பழைய நிறத்தோடு கொஞ்சம் வெள்ளை சேர்த்து, பிரஷில் தொட்டு, பெயின்ட் கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவுக்குக் காகிதத்தில் துடைத்துவிட்டு மேலோட்டமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் வெளிச்சம் பிடிக்கும், இடுக்குகளில் கறுப்பு தங்கிவிடும். அதாவது நீங்கள் பூசியதே நிழலாக உதவும்.

ஆனால் உங்கள் சிக்கல் நிறத்தில் மட்டும் இல்லை, மொத்தமாகப் பூசியதில் இருக்கிறது. அழுக்கு எங்கேயும் சமமாகப் படியாது. மழை எங்கே விழுகிறது, எந்த வழியாக வழிகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு பிரஷை எடுங்கள். இறவாணத்துக்கு நேர் கீழே இருக்கிற சுவரில் மழை அதிகம் படாது, அங்கே நிறம் புதுசாகவே இருக்கும். ஜன்னல் விளிம்பின் இரண்டு மூலைகளிலும் தண்ணீர் வழிந்து கோடு விழும், நடுவில் விழாது. சுவரின் அடிப்பகுதியில் கூரைத் தண்ணீர் மண்ணில் விழுந்து செம்மண் தெறித்திருக்கும், அது பெரும்பாலும் ஓரடி உயரம், எச்ஓவில் 3.5 மில்லிமீட்டர்தான். இந்த ஒரு செம்மண் பட்டையைச் சரியாகப் போட்டாலே கட்டடம் தரையில் நிற்பது போல ஆகிவிடும், இல்லையென்றால் மேஜையில் எடுத்து வைத்த டப்பா மாதிரிதான் இருக்கும்.

பாசிக்கும் அதே கணக்குதான். ஓடு ஓடாகப் பச்சை அடிக்காதீர்கள். நம் பக்கத்தில் வருஷத்தில் பாதிக்கு மேல் வெயில் தெற்கே சாய்ந்து விழுவதால் வடக்குப் பக்கக் கூரை காய நேரமாகும், அங்கே அதிகம். மரக்கிளை கவிழ்கிற இடம், இரண்டு கூரைகள் சேர்கிற பள்ளம், ஓட்டின் கீழ்விளிம்பு, இங்கெல்லாம் சாக் பேஸ்டலைப் பிளேடால் சுரண்டிய பொடியை நுனி பிரஷால் ஒற்றினால் போதும் (ஆயில் பேஸ்டல் வாங்கிவிடாதீர்கள், அது பொடியாகாது). மேலே மேட் வார்னிஷ் அடிக்கும்போது பொடி பாதி காணாமல் போகும், அதனால் முதலில் கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள். அப்புறம் அங்கங்கே ஒன்றிரண்டு ஓடுகளை மட்டும் பளிச்சென்று விடுங்கள். உடைந்த ஓடுகளை மாற்றாத கூரை உண்டா என்ன?

கேள்வி: மங்களூர் ஓடு எச்ஓவில் எவ்வளவு பெரிது? நான் வெட்டியது பெரிசாகத் தெரிகிறது. (சேலம் வாசகர்)

பதில்: நிஜ ஓடு சுமார் 16 அங்குல நீளம், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருவதால் வெளியே தெரிவது ஓரடிக்குச் சற்று மேல்தான். ஆகவே வரிசைக்கு வரிசை 3.5 முதல் 4 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய இஞ்சின் இங்கிலாந்துத் தயாரிப்பாக இருந்தால் அது ஓஓ என்கிற வேறு அளவா என்று பெட்டியில் பாருங்கள். தண்டவாளம் இரண்டுக்கும் ஒரே 16.5 மில்லிமீட்டர்தான் என்றாலும் ஓஓ 1:76, எச்ஓ 1:87. பக்கத்தில் நிறுத்தினால் கதவுகளைப் பார்த்தே வித்தியாசம் தெரிந்துவிடும்: ஏழடிக் கதவு ஓஓவில் 28 மில்லிமீட்டர், எச்ஓவில் 24.5.

கேள்வி: அட்டைச் சுவர் பெயின்ட் அடித்ததும் வளைந்துவிடுகிறது. பிளாஸ்டிக்குக்கு மாறிவிடலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: மாற வேண்டாம். இங்கிலாந்தின் பெண்டன் மியூசியத்தில் இருக்கிற கிராமத்து வீடுகளைப் பாருங்கள், அட்டையில் செய்து வாட்டர்கலர் பூசியவை. தண்ணீரை அட்டை ஒரு பக்கம் மட்டும் குடிப்பதால்தான் வளைகிறது. மர பாலிஷ் விற்கிற கடையில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு கிடைக்கும், வெட்டிய துண்டுகளின் இரண்டு பக்கமும் அதை ஒரு கை பூசிக் காயவிட்டுப் பிறகு பெயின்ட் அடியுங்கள். உள்ளே குறுக்காகச் சட்டங்கள் ஒட்டுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வெட்டிய விளிம்பில் தெரிகிற வெள்ளைக்குக் கலர் பென்சில் போதும். ஜன்னல் பிளாஸ்டிக்கை மட்டும் ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி பட்டுப் பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும். ஃபெவிகால் நல்லது.

கேள்வி: தகரக் கொட்டகைக்குத் துரு எப்படி வரவழைப்பது? ஆரஞ்சு பூசினால் கார்ட்டூன் மாதிரி இருக்கிறது. (திருச்சி வாசகர்)

பதில்: ஆரஞ்சு புதுத் துரு, அது ஆணிக்குழி ஓரத்திலும் தகரம் தகரத்தின் மேல் ஏறுகிற இடத்திலும் கொஞ்சமாக இருக்கும். பழைய துரு அடர் பழுப்பு. முதலில் முழுக்க அந்தப் பழுப்பை அடித்து வார்னிஷ் போட்டுக் காயவிடுங்கள். பிறகு துருத் தெரிய வேண்டிய இடத்தை மட்டும் ஈரமாக்கிக் கல்லுப்பையும் தூள் உப்பையும் கலந்து தூவி, காய்ந்ததும் மேலே வெளிர் சாம்பலை ஸ்பிரே செய்யுங்கள். பிரஷ் கூடாது, உப்பு நகர்ந்துவிடும். ஈரப் பிரஷால் உப்பைத் தட்டி எடுத்தால் அதன் கீழே இருந்த துரு வெளியே வரும், ஓரங்கள் நாமே வரைய முடியாத அளவுக்குக் கோணல்மாணலாக இருக்கும். தெர்மாகோல் மேல் இதைச் செய்யாதீர்கள், ஸ்பிரே அதைக் கரைத்துவிடும்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய ஜெர்மன் மாடல் கிட்டை (பாகங்களாக வாங்கி ஒட்டுவது) அழுக்காக்குவது பைத்தியக்காரத்தனம் என்கிறார் அப்பா. (மதுரை வாசகர்)

பதில்: அப்பாவிடம் ஜான் ஆலனைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் எச்ஓ ரயில் அமைத்தவர், தொழில்முறைப் புகைப்படக்காரர். மாடல்கள் பளபளவென்று கடையில் வந்தபடியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கட்டடம், பெட்டி, இஞ்சின் எல்லாவற்றையும் வேண்டுமென்றே பழசாக்கிப் படமெடுத்துப் பத்திரிகைகளில் போட்டார். இன்று நாம் செய்கிற இந்த அழுக்கு வேலை பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே ஏற்பட்ட தீ விபத்தில் அந்த அமைப்பின் பெரும்பகுதி போய்விட்டது, படங்கள் இருக்கின்றன, அப்பாவுக்குக் காட்டலாம். அப்படியும் அவர் சம்மதிக்காவிட்டால் கிட்டைத் தொடாதீர்கள், முதலில் பிஸ்கட் டப்பா அட்டையில் ஒரு கொட்டகை செய்து அதில் கை பழகுங்கள்.