ஈஸ்டர் முடிந்தும் தொடரும் உபவாசம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினேழு வயது. சென்ற லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நாட்களில் இரவுச் சாப்பாட்டை விட்டாள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஈஸ்டர் போன பிறகும் அவள் பழையபடி சாப்பிடவில்லை. எண்ணெய், இனிப்பு, சோறு என்று ஒவ்வொன்றாக நின்றுபோனது. எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு, குண்டாகிவிட்டேன் என்று அழுகிறாள். மாதவிலக்கு நின்று நான்கு மாதமாகிறது. எங்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள், தான் தொடுவதில்லை. சபையில் சிலர் அவளுடைய பக்தியைப் புகழ்கிறார்கள், சிலர் அசுத்த ஆவி என்கிறார்கள். இது பாவமா, பிசாசின் கட்டா? மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா? வரும் லெந்தில் அவளை உபவாசம் இருக்க விடலாமா?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

மருத்துவரிடம் போவது பற்றிய உங்கள் கேள்விதான் அவசரமானது. இந்த வாரமே போங்கள். முதலில் பொது மருத்துவர்: இரத்தப் பரிசோதனை, இசிஜி. உணவு போதாதபோது உடல் தன் செலவைச் சுருக்குகிறது. மாதவிலக்கு நிற்பது அதனால்தான். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கக்கூடும். சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாளா என்றும் கவனியுங்கள். பொட்டாசியம் குறைந்தால் இதயம் தடுமாறும். இன்னொன்று, என் பதிலைப் படித்த பதற்றத்தில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அடுத்து மனநல மருத்துவர். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம், எடை கூடிவிடும் என்ற அச்சத்தால் உணவை ஒதுக்கும் அனோரெக்சியா நோயை நினைவூட்டுகிறது. உறுதிசெய்ய வேண்டியவர் அவர். மிஷனரிகள் கட்டிய ஆஸ்பத்திரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்துக்கொண்ட நாம், மனநலம் என்றதும் மட்டும் விசுவாசத்தைத் துணைக்கு அழைப்பது எனக்கு விளங்கவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிறார்கள். வளரிளம் வயதினரின் இந்த நோய்க்கு இன்று பரிந்துரைக்கப்படும் சிகிச்சையிலும் பெற்றோருக்கே முக்கியப் பங்கு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை அது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைச் சில காலம் பெற்றோர் தங்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

பாவமா, பிசாசா என்ற கேள்விக்கு வருகிறேன். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை தொடங்கியது. போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்தியது. ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாத 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். பலர் போரை ஏற்காத பிரதரன், குவேக்கர், மென்னோனைட் சபைப் பிள்ளைகள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. அதைவிட மனம் மாறியதுதான் பயங்கரம். உணவைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டின் முன் நெடுநேரம் உட்கார்ந்து துணுக்குத் துணுக்காகச் சாப்பிட்டார்கள், நண்பர்களிடமிருந்து விலகினார்கள். ஒருவர் கோடரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். உங்கள் மகள் பிறருக்குச் சமைத்துப் போடுகிறாள் என்று படித்ததும் எனக்கு இவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். இவர்களை எந்த ஆவியும் பிடிக்கவில்லை, பசி பிடித்தது. அவர்கள் சாப்பிட ஏங்கினார்கள், உங்கள் மகளோ சாப்பிட அஞ்சுகிறாள். அந்த அச்சத்துக்குப் பின்னால் மரபணு, சுபாவம், ஒல்லியே அழகு என்று ஓதும் ஊர் எல்லாம் இருக்கலாம். ஆனால் பட்டினி நீடிக்கும்வரை அறிவுரையும் ஜெபமும் அவள் காதில் நேராக விழாது. ஜெபியுங்கள், தட்டு முன்னால் இருக்கட்டும்.

புகழ்கிறவர்கள் பிசாசு என்கிறவர்களைவிட அதிகத் தீங்கு செய்கிறார்கள் என்பது என் எண்ணம். சபைக்கு இது பழைய மயக்கம். இத்தாலியப் புனிதை சியன்னாவின் கேதரின் (1347–1380) அற்பமாகவே உண்டார், முப்பத்துமூன்று வயதில் இறந்தார். அவருக்கு இருந்தது இதே நோய்தானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அவரே ஒரு கடிதத்தில், தன்னால் உண்ண முடியாததைப் பலவீனமாகவே கருதி, மற்றவர்களைப்போல் உண்டு வாழும் கிருபைக்காக ஜெபிப்பதாக எழுதியிருக்கிறார். புகழ்ந்தவர்கள் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வேதத்தில் வரும் ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் இறந்துபோன மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளை எழுப்பியவுடன் இயேசு வீட்டாரிடம் சாட்சி சொல்லச் சொல்லவில்லை, உபவாச ஜெபம் வைக்கவும் சொல்லவில்லை. அவளுக்கு ஆகாரம் கொடுக்கச் சொன்னார் (மாற்கு 5:43). இதை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

வரும் லெந்து: வேண்டாம். கத்தோலிக்கச் சபைச் சட்டம்கூட உபவாசக் கடமையைப் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்குத்தான் வைத்திருக்கிறது. நோயாளிகளுக்கு விலக்கும் உண்டு. குணமான பிறகும் சில ஆண்டுகளுக்கு உணவை விடும் பொருத்தனை எதுவும் அவளுக்கு ஆகாது. நீங்கள் சொன்னால் அம்மாவின் அவிசுவாசம் என்பாள். உங்கள் குருவானவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள், அவர் வாயால் சொல்லட்டும். கூடவே, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவள் இளைத்ததைப் பற்றியோ தேறியதைப் பற்றியோ யாரும் ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொள்ளும்படியும் அவரைக் கேளுங்கள்.