சயாம் ரயிலை எழுத அஞ்சுதல்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் செந்தூலில் வசிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் தாத்தா, மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலத்தில், ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) கொண்டுசெல்லப்பட்டவர், திரும்பி வரவில்லை. அவரைப் போன்றவர்களின் பிள்ளைகளைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்து வருகிறேன். எல்லாரும் எண்பதைக் கடந்தவர்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. தவறாக எழுதிவிடுவேனோ, வரலாறு படித்தவர்கள் குறை சொல்வார்களோ, என் தமிழ் இதற்குப் போதுமோ என்று பயமாக இருக்கிறது. என் பெரியப்பாவும் "பழசையெல்லாம் ஏன் கிளறுகிறாய்?" என்கிறார். தொடக்கத்தில் இருந்த ஊக்கம் இப்போது இல்லை. இதை எப்படித் தாண்டுவது?

வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். தவறாக எழுதிவிடக் கூடாது என்ற உங்கள் அச்சத்தைப் போக்க நான் முயலப் போவதில்லை, ஏனென்றால் இந்த வேலைக்கு அது தேவை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து போன நம்மவர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அவர்களுக்கு அப்படி முறையான பெயர்ப்பதிவு இல்லாததால், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்பதெல்லாம் இன்றுவரை மதிப்பீடுகளாகவே இருக்கின்றன. உங்களைக் குறை சொல்லக்கூடிய வரலாற்று அறிஞரிடமும் முழுக் கணக்கு கிடையாது. அவரிடம் இல்லாத ஒன்று உங்கள் கைப்பேசியில் இருக்கிறது.

ஆகவே அந்த அச்சத்தை வேலைமுறையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், அதைச் சொன்னவர் அப்போது எத்தனை வயதுப் பிள்ளை, தாமே கண்டாரா, தாயார் சொல்லக் கேட்டாரா, பிற்காலத்தில் எங்காவது படித்தாரா என்று குறித்துவையுங்கள். ஒரே தோட்டத்தைப் பற்றி இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்பளிக்க அவசரப்பட வேண்டாம். பதிவு எடுக்கப்பட்ட நாளும் இடமும் மேலே இருக்கட்டும். இப்படி எழுதியதில் பின்னால் ஒரு பிழை தெரியவந்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று எவரும் தேடிப் பார்த்துத் திருத்த முடியும்.

உங்கள் தமிழைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லயம், பெரட்டு, கிராணி, தண்டல் என்று தோட்டத்துச் சொற்களில் அந்தப் பெரியவர்கள் பேசுவதை அவர்கள் சொல்லும்படியே எழுதினால் போதும்.

ஊக்கம் குறைந்ததற்கு நான் காணும் காரணம் வேறு. பதிவுகள் சேர்ந்துகொண்டே போகின்றன, ஆனால் அவற்றைப் படிக்கக் காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தியதை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். தயங்கிக்கொண்டிருந்த புதியவர்கள், தாங்கள் அனுப்புவதை ஒருவர் படித்துக் குறைநிறை சொல்வார் என்ற ஒரே உறுதியில் எழுதத் தொடங்கினார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு அங்கிருந்து எழுத்தாளர்கள் கிடைத்தார்கள். அவர்கள் அச்சம் நீங்கிய பிறகு எழுத வந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு வாசகரும், அவரிடம் கொடுக்க ஒரு தேதியும் வேண்டும்.

உங்கள் பெரியப்பாவைப் பற்றித்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். நீங்கள் அவரைத் தடையாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தாத்தா அவருக்குத் தகப்பனார் அல்லவா? ஊர் ஊராகப் போய் நீங்கள் தேடும் பிள்ளைகளில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். ஏன் கிளறுகிறாய் என்ற கேள்வி, தம்மைக் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் வந்திருக்கலாம். இத்தனை ஆண்டுகளாக ஒருவரும் தம்மைக் கேட்கவில்லையே என்ற வருத்தத்திலும் வந்திருக்கலாம். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அதை நான் முடிவு செய்ய முடியாது. கைப்பேசியை எடுக்காமல் அவரருகே உட்காருங்கள். தந்தை போன பிறகு பாட்டி குடும்பத்தை எப்படி நடத்தினார், வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் துணைக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். சயாமைப் பற்றி அவராகப் பேசினால் பேசட்டும். பேசியதை எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அதை மதித்து விட்டுவிடுங்கள். மற்றவர்கள் மனமுவந்து சொன்னது அப்படியேதான் இருக்கிறது, அதை எழுத அவருடைய ஒப்புதல் தேவையில்லை.

காலம் மட்டும் பொறுக்காது. 1943இல் 18 வயதில் போனவர் உயிரோடு இருந்தால் இன்று நூறு வயதைத் தொட்டிருப்பார். அவர்களுடைய பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய துணைக்கேள்விகள், நீங்கள் எழுதத் தொடங்கினால்தான் உங்களுக்கே தெரியவரும். அப்போது பதில் சொல்ல அவர்கள் இருக்க வேண்டும். எனவே எல்லாரிலும் மூத்தவரின் பதிவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரை, போரின் பின்னணி எதுவும் வேண்டாம். அவர் பேசியதை மட்டும் எழுத்தாக்கி, ஐயமுள்ள இடங்களில் கோடிட்டு, அடுத்த பள்ளி விடுமுறை முடிவதற்குள் எனக்கு அனுப்புங்கள். நான் முழுவதும் படித்துக் குறிப்புகளோடு திருப்பி அனுப்புகிறேன். அதன் பிறகு அடுத்தவரின் பதிவைத் தொடங்கலாம்.

அன்புடன்.