வாகனப் பக்கம்: கெப்பின் பின்கண்ணாடியில் தண்ணீர்

மழை தொடங்கிவிட்டது, கடிதங்களும் தொடங்கிவிட்டன. கெப் (பின்னால் சாமான் பெட்டி உள்ள பிக்கப்) வைத்திருப்பவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள். நான்கு கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதல் பதில் கொஞ்சம் நீளம், மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு உங்கள் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: மரக்கறி ஏற்றுவதற்காகப் போன வருடம் லீசிங்கில் புது டபுள் கெப் எடுத்தோம். மழை பெய்தால் பின் ஸீட் நனைகிறது. பின்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்த கோடு தெரிகிறது. ஆனால் எல்லா மழைக்கும் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தினால் வருகிறது, தோட்டத்துப் பக்கம் நிறுத்தினால் வருவதில்லை. பக்கத்துக் கராஜில் பாஸ் (மெக்கானிக்) சிலிக்கன் பூசினார், இரண்டு கிழமை நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. கண்ணாடியைக் கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டும் என்கிறார். கழற்றலாமா?
(ஒரு வாசகர், கந்தப்பளை)

பதில்: இப்போதைக்குக் கழற்ற வேண்டாம் ஐயா. இன்னொரு டியூப் சிலிக்கனுக்கும் காசு கொடுக்க வேண்டாம். தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்றுதான் இதுவரை பார்த்திருக்கிறார்கள், எங்கே நுழைகிறது என்று யாரும் பார்க்கவில்லை. லயத்துத் தகரக் கூரையில் ஆணி ஓட்டை ஒரு பக்கம் இருக்கும், நாம் சட்டி வைக்கிற இடம் வேறு பக்கம் இருக்கும். கெப்பிலும் அப்படித்தான். கூரை ஓரத்தில் நுழைகிற தண்ணீர் கூரைத் துணிக்கு மேலாகவே ஓடி, கண்ணாடியின் உள்பக்கமாக இறங்கி, கீழ் விளிம்பில் வந்து தேங்கும். பார்க்கிறவர்கள் கண்ணாடியைத்தான் குற்றம் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நம் மலையில் சமதரையில் வாகனம் நிறுத்த யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? கெப்பின் மூக்கு மேடு பார்த்து நின்றால் கூரையில் விழும் மழை அத்தனையும் பின்னால் ஓடி, பின்கண்ணாடியின் மேல் விளிம்பில் இறங்கும். மூக்கு பள்ளம் பார்த்து நின்றால் அதே தண்ணீர் முன்கண்ணாடிப் பக்கம் போய்விடும். வீட்டு வாசலில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள். மேடு பார்த்து நின்றால் எனக்கு முதல் சந்தேகம் கண்ணாடி மேல் இல்லை, அதற்கு மேலே இருக்கிற மூன்றாவது பிரேக் லைட் மேல்தான்.

இந்த லைட்டை அமெரிக்காவில் 1986 மாடல் கார்களுக்கும், 1994 மாடலிலிருந்து பிக்கப்களுக்கும் சட்டமாக்கினார்கள். இப்போது எல்லா இடத்திலும் பழகிவிட்டது. நல்ல காரியம்தான், பின்னால் வருகிறவனுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அதைக் கெப்பின் கூரை ஓரத்தில் வைக்க வேண்டுமானால் தகட்டில் வயர் போக ஒரு ஓட்டை, ஸ்க்ரூக்களுக்கு ஓட்டை என்று வெட்ட வேண்டும். அந்த ஓட்டைகளைக் காப்பது லைட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய ஸ்பொஞ்ச் கேஸ்கெட் ஒன்றுதான். பகல் வெயிலும் இராத்திரிக் குளிரும் மாறி மாறிப் பட்டு அது சப்பையாகி இறுகிப் போகும். புது வாகனத்தில் ஸ்க்ரூ சரியாக இறுகாமல் வந்திருந்தாலும் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.

லைட்டைக் கழற்றுவது சின்ன வேலை. ஸ்க்ரூவை எடுத்து, பிளக்கை விடுவித்து, உள்பக்கம் பாருங்கள். தகட்டில் மண் படிந்த தண்ணீர்த் தடம் இருந்தால் வழி அதுதான். துடைத்துக் காயவிட்டு, புது கேஸ்கெட்டோ, கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப்போ (பிசுபிசுவென்று ஒட்டுகிற ரப்பர் நாடா) சுற்றி ஒட்டித் திரும்பப் பூட்டலாம். ஸ்க்ரூவை மூச்சைப் பிடித்து இறுக்க வேண்டாம், பிளாஸ்டிக் வெடித்தால் அது இன்னொரு ஓட்டை.

சில மாடல்களில் இந்த லைட் பின்கதவில், டெயில்போர்ட்டில் இருக்கும். உங்களுடையது அப்படியென்றால் கூரையில் இருக்கிற அன்டெனாவின் அடிப்பக்கத்தையும், கூரைத் தகடுகள் சேருகிற பள்ளத்தில் பூசியிருக்கும் சீலரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கரட் மூட்டை கட்டுவதற்கு யாராவது கெப்புக்குப் பின்னால் இரும்பு ஃப்ரேம் அடித்துக் கொடுத்திருந்தால் அதன் போல்ட் ஓட்டைகளையும் விடாதீர்கள்.

ஊகத்தில் வேலை செய்யாமல் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் தண்ணீர்ச் சோதனைதான் வழி. மழை இல்லாத நாளில் இரண்டு பேர் வேண்டும். பின் ஸீட்டின் சாய்மானத்தைக் கழற்றி, உள் அட்டைகளையும் எடுத்துவிட்டு, கண்ணாடியைச் சுற்றி உள்பக்கம் டிஷ்யூ பேப்பர் ஒட்டுங்கள். ஒருவர் டோர்ச்சோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் வெளியே ஹோஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக வழியவிட வேண்டும், பீச்சி அடிக்கக் கூடாது. கீழ் விளிம்பில்தான் தொடங்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். அங்கே ஐந்து நிமிடம், பிறகு பக்கவாட்டு, பிறகு மேல் விளிம்பு, பிறகு லைட், கடைசியாகக் கூரை. மேலே தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எந்த இடம் ஒழுகியது என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தக் கட்டத்தில் உள்ளே டிஷ்யூ முதலில் கறுக்கிறதோ அங்கேதான் கோளாறு. சேவிஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னை இதற்குப் பாவிக்க வேண்டாம், அந்த அழுத்தத்துக்குக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் நல்ல ரப்பர் பீடிங்கும் வழிவிடும், இல்லாத நோய்க்கு மருந்து தேட வேண்டி வரும்.

சிலிக்கனை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வினாகிரி வாடை அடிக்கிற சாதாரண சிலிக்கனில் இருக்கிற அமிலம் தகட்டை அரிக்கும். அதைவிட மோசம், அது ஒட்டிய இடத்தில் பிறகு கண்ணாடி ஒட்டுகிற யூரித்தேன் பசை பிடிக்காது, துளித் துளியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். வெளியே பூசிவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழியில்லாமல் அங்கேயே நின்று துருப்பிடிக்க வைக்கும். பூசியதைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்துவிட்டே சோதனை செய்யுங்கள்.

சோதனையில் கண்ணாடி ஓரம்தான் என்று உறுதியானால் அப்போது கழற்றலாம், ஆனால் கண்ணாடி வேலை மட்டும் செய்கிற ஆளிடம் கொடுங்கள். கழற்றும்போது பெயின்டில் கீறல் விழுந்தால் அதற்குப் பிரைமர் போட்டுவிட்டுத்தான் பசை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு அங்கிருந்து கிளம்பும். யூரித்தேன் காற்றின் ஈரத்தில் இறுகுகிற பசை. ஈரம் நம்மிடம் நிறைய உண்டு, சூடுதான் இல்லை. 1,800 மீட்டருக்கு மேலே நுவரெலியாக் குளிரில் அது ஆறுதலாகத்தான் இறுகும், ஆகவே டியூபில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேலேயே விட்டுவையுங்கள். அன்றைக்குத் தோட்டப் பாதையில் குலுக்கிக்கொண்டு போகக் கூடாது. பக்கத்துக் கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்துங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று புதுப் பசையை வெளியே தள்ளும்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒரு வேலை. போன வருடம் எடுத்த வண்டி என்கிறீர்கள். ஏஜென்ட்டிடம் எடுத்திருந்தால் வொரண்டி இருக்க வேண்டும், கராஜில் கை வைக்கவே விட்டிருக்கக் கூடாது. தண்ணீர் வழிகிறதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், "பின்னால் தண்ணீர் ஒழுகுகிறது" என்று ஜொப் கார்டில் (அவர்கள் வேலையைக் குறித்துக்கொள்கிற சீட்டு) எழுத்தில் போட வையுங்கள், ஒரு பிரதியைக் கையில் வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது சொல்லாததுக்குச் சமம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் பரவலாகத் திறந்தது. இந்த விலையில் ஒரு கெப் எடுத்தவர் அதன் வொரண்டியைக் கேட்டு வாங்கக் கூச்சப்படவே கூடாது. இழுத்தடித்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: எங்கள் கெப்பில் காலையில் பின்கண்ணாடி உள்பக்கம் நனைந்திருக்கிறது, ஒரே புழுங்கல் வாடை. சின்ன மகனுக்கு அதில் ஏறினாலே இருமல். கணவர் அது வெறும் பனி வேர்வை என்கிறார், நான் ஒழுகுகிறது என்கிறேன்.
(ஓர் ஆசிரியை, ஹட்டன்)

பதில்: இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் டீச்சர். வேர்வை என்றால் கண்ணாடி முழுக்க ஒரே மாதிரி மூடியிருக்கும், பக்கத்துக் கண்ணாடிகளிலும் இருக்கும். ஒழுக்கு என்றால் ஓரிடத்தில் தொடங்கி ஒரு கோடாக இறங்கும், காய்ந்த பிறகும் அழுக்குத் தடம் இருக்கும். மழை படாத கூரைக்குள் ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள். அப்போதும் காலையில் நனைந்திருந்தால் அது வேர்வை.

ஆனால் வேர்வைதான் என்று கணவர் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வேர்வைக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நனைந்த மழைக்கோட்டையும் குடையையும் பின்னால் போட்டு வைப்பதும் காரணமாகலாம். பெரும்பாலும் கார்பெட்டுக்குக் கீழேதான் இருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், கீழே இருக்கிற தடித்த ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊறிக்கொண்டிருக்கும். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் வந்தால் அதற்கு வாசனைத் திரவியம் எல்லாம் மருந்தே இல்லை, ஸீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபேன் வைத்து முழுக்கக் காயவைக்க வேண்டும். ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை வெளியே வைத்துக் காயவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், வீட்டுக்குள்ளேதான். காயாத கார்பெட்டில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளையின் இருமலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டொக்டரிடம் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்.

முன் ஸீட்டையும் கழற்றுவதாக இருந்தால் கீழே இருக்கிற மஞ்சள் நிறப் பிளக்குகளை யாரும் சும்மா இழுக்கக் கூடாது, அவை ஏர்பேக் வயர்கள். பெட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் தொட வேண்டும். ஓடும்போது காற்று உள்ளேயே சுற்றுகிற பட்டனை அணைத்து வெளிக்காற்றை எடுங்கள், குளிராக இருந்தாலும் ஏசியை ஹீட்டரோடு சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

கண்ணாடியும் கூரைத் துணியும் காய்ந்திருக்க, கீழே மட்டும் ஈரம் என்றால் பின் ஸீட்டுக்குப் பின்னால் கெப்பின் சுவரில் இருக்கிற காற்றுப் போக்கியைப் பாருங்கள். கதவைச் சாத்தும்போது காற்று வெளியேறுவதற்காக ரப்பர் மடல்களோடு ஒரு பிளாஸ்டிக் சட்டம் அங்கே இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் சீல் விட்டுப்போனால் பின்பெட்டியில் தெறிக்கிற தண்ணீர் உள்ளே வரும்.

கேள்வி: என்னுடையது பின்கண்ணாடி நடுவில் திறந்து மூடுகிற வகை. பள்ளம் பார்த்து நிறுத்தினால் உள்ளே தண்ணீர். சமதரையில் ஒன்றும் இல்லை.
(ஒரு வாசகர், பண்டாரவளை)

பதில்: தம்பி, கண்ணாடி ஓடுகிற கீழ்த் தடத்தைப் பாருங்கள். மழைத் தண்ணீர் அந்தத் தடத்துக்குள் வருவது வழக்கம்தான், வெளிப்பக்கமாக இருக்கிற சின்னத் துவாரங்கள் வழியாக அது வடிந்துவிட வேண்டும். தூசும் பாசியும் அடைத்தால் தடம் நிறையும். நீங்கள் பள்ளம் பார்த்து நிறுத்தும்போது அந்தத் தடம் கெப்பின் உள்பக்கம் சாய்கிறது, நிறைந்த தண்ணீர் ஸீட்டில் கொட்டுகிறது. பழைய பல் பிரஷ்ஷால் தடத்தைத் துடைத்து, தூண்டில் நரம்பைத் துவாரத்துக்குள் விட்டு மெதுவாக எடுங்கள். கம்பி விட்டுக் குத்தவோ துவாரத்தைப் பெரிதாக்கவோ வேண்டாம். அப்புறம் தடத்தில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வெளியே ஒழுகி ஓட வேண்டும். ஓடியும் உள்ளே வந்தால் பிளாஸ்டிக் சட்டத்தின் மூலைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கும். அதற்குப் பசை வைத்துப் பயனில்லை, சட்டத்தோடு சேர்த்துக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். பதுளைப் பக்கத்துப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கிவிடும், அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாவித்த கெப் ஒன்று பேசியிருக்கிறோம். தண்ணீர் போன வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஒரு வாசகி, பொகவந்தலாவை)

பதில்: கண்ணாடிகளின் மூலையில் அச்சடித்திருக்கும் கம்பனி முத்திரையை ஒப்பிடுங்கள். பின்கண்ணாடியில் மட்டும் வேறு முத்திரை என்றால் அது மாற்றப்பட்டது, ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பின் ஸீட்டைத் தூக்கி அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், தண்ணீர் ஏறியிருந்தால் அதில் கறைக் கோடு தெரியும். வாடை மறைக்க உள்ளே ஏகத்துக்கு சென்ட் அடித்திருந்தால் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். விற்கிறவர் தூக்கவிடவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.