பெயர்ப்பலகைச் சதவீதமும் பெர் யூனிட் மதிப்பும்

கேள்வி: மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பு) 12 சதவீதம் என்றிருந்தால், மின் கட்டமைப்பு சிமுலேஷனில் பெர் யூனிட் மதிப்பாக, அதாவது ஓர் அடிப்படை அளவின் பங்காக, 0.12 என்றே உள்ளிடலாமா?

பதில்: அச்சதவீதம் அம்மின்மாற்றியின் சொந்தத் திறனை அடிப்படையாகக் கொண்டது என்பதால், 50 எம்விஏ (மெகா வோல்ட்-ஆம்பியர், திறனின் அலகு) மின்மாற்றியை 100 எம்விஏ பொது அடிப்படைக்கு மாற்றும்போது, மின்னழுத்த அடிப்படை மாறாதிருந்தால், அது 0.24 ஆகிவிடும், 0.12 என்றே விட்டுவிட்டால், அதன் வழியே பாயும் குறுக்குச்சுற்று மின்னோட்டம் இருமடங்கு வரை கூடுதலாகத் தெரியும். சில மென்பொருள்கள் சொந்த அடிப்படை மதிப்பையே கேட்டுத் தாமாக மாற்றிக்கொள்கின்றன. ஆகவே கையேட்டை முதலில் பார்ப்பதே உத்தமம். இருபுற மின்னழுத்த அடிப்படைகளும் மின்மாற்றியின் விகிதத்திலேயே அமைந்தால், அவ்விகிதம் கணக்கிலிருந்து மறைந்து, தொடர் இம்பீடன்ஸ் மட்டுமே எஞ்சும். சுருளின் சுற்று விகிதத்தைச் சற்றே மாற்றும் டேப் 1.05-இல் இருந்தாலோ அது மறையாது. தனியாக உள்ளிட வேண்டும். ஒருபுறம் ஸ்டார், மறுபுறம் டெல்டா எனச் சுருள்களை இணைக்கும் ஸ்டார்-டெல்டா இணைப்பின் 30 பாகைக் கோண வேறுபாடும் அதுபோலவே மறையாது.